கிரீன்லாந்து மொழியில் துன்பத்தைச் சொல்லும் ஒட்டுகள்

'நியஃகொர்லுப்புங.' கிரீன்லாந்தில் தலைவலிக்காரர் மருத்துவரிடம் சொல்ல இந்த ஒரு சொல் போதும். 'நியஃகொஃக்' என்றால் தலை. '-லுப்-' அந்த உறுப்பு கெட்டு வலிக்கிறது என்பதைச் சொல்கிறது. '-புங' தன்மை ஒருமை விகுதி. மூன்றும் சேர்ந்து ஒரு முழு வாக்கியம்.

உலகத்தின் மிகப் பெரிய தீவில் சுமார் 56,000 பேர்தான் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி கலால்லிசுத். 2009இல் தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அங்கே அதுவே ஆட்சிமொழி. வேர்ச்சொல்லின் பின்னால் ஒட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லை வளர்த்துக்கொண்டே போகும் மொழி அது. இன்றும் உயிரோடு இயங்கும் ஒட்டுகள் சில நூறு இருக்கின்றன. அவற்றில் துன்பத்துக்கென்று இருக்கும் சில ஒட்டுகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. 'துன்ப ஒட்டு' என்று ஒன்றே ஒன்று அங்கே கிடையாது. உடம்பின் வலிக்கு ஒன்று, தேவையான பொருள் கிடைக்காத தவிப்புக்கு வேறொன்று, வாழ்நிலை கெட்ட அவதிக்கு இன்னொன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சொல்ல வந்ததே மாறிப்போகும்.

முதலில் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். அந்த மொழியில் இரண்டு வகைக் ககரம் உண்டு. ஒன்று நம்முடையது போன்றது. மற்றது இன்னும் பின்னே, உள்நாக்குக்கு அருகில் பிறப்பது. இரண்டாவதை இங்கே 'ஃக்' என்று எழுதுகிறேன். ரகரமும் அதே உள்நாக்கில் உரசிப் பிறப்பதுதான், நாக்கு நுனியில் அன்று. 'ங' தனி எழுத்தாகவே ஒலிக்கும். 'ர்ல்' என்று எழுதியிருக்கும் இடத்தில் நாவின் இரு பக்கமும் காற்று சீறும் ஒரு நீண்ட லகரம் வரும். அதற்கு முன்னுள்ள உயிரும் தொண்டைக்குள் இறங்கும்.

இனி '-லுப்-' ஒட்டும் '-பொஃக்' என்ற படர்க்கை ஒருமை விகுதியும் சேர்ந்த '-லுப்பொஃக்'. இதன் மூலம் 'கெட்டது' என்று பொருள்படும் '-லுக்' என்னும் பழைய ஒட்டு. அதைத் தெளிவாகப் பார்க்க வானிலைக்குப் போக வேண்டும். 'சில' என்றால் வானிலை. 'சிலர்லுக்' என்றால் கெட்ட வானிலை. 'சிலர்லுப்பொஃக்' என்றால் வானிலை மோசமாக இருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல் 'சிலகிப்பொஃக்', வானிலை நன்றாக இருக்கிறது. '-கிப்-' நல்லதைக் கொண்டிருப்பது, '-லுப்-' கெட்டதைக் கொண்டிருப்பது. ஆக, தலைவலிச் சொல்லின் அடியில் இருப்பது 'கெட்ட தலையோடு இருக்கிறேன்' என்ற கட்டமைப்பு. வயிற்றுக்கும் இதேதான். வயிறு 'நாஃக்', வயிற்றுவலி 'நார்லுன்னெஃக்', 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்பது 'நார்லுப்புங'.

இந்த '-லுப்-' ஒட்டின் கடைசி மெய் நிலையாக நிற்காது. அடுத்து வரும் மெய் எதுவோ அதுவாகவே மாறிவிடும். 'பொஃக்' வந்தால் 'லுப்பொஃக்'. அந்த நிலையில் இருப்பவரைக் குறிக்கும் 'தொஃக்' வந்தால் 'நியஃகொர்லுத்தொஃக்', தலைவலிக்காரர். தொழிற்பெயராக்கும் 'னெஃக்' வந்தால் 'நியஃகொர்லுன்னெஃக்', தலைவலி. 'உனக்குத் தலை வலித்தால்' என்பதற்கு 'நியஃகொர்லுக்குயித்'. 'எனக்குத் தலை வலித்ததால்' என்பதற்கு 'நியஃகொர்லுக்கம'. எதிர்மறையில் அந்த மெய்யே விழுந்துவிடும்: 'நியஃகொர்லுங்ஙிலங', எனக்குத் தலைவலி இல்லை. புணர்ச்சி விதி படித்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அகராதியில் 'லுப்' என்று மட்டும் தேடுகிறவருக்கு 'லுத்', 'லுன்', 'லுக்' மூன்றும் அதே ஒட்டுதான் என்பது எட்டாது. கற்பவர்கள் முதலில் வழுக்குவது இங்கேதான்.

கேள்விக்குத் தனி விகுதி. 'நியஃகொர்லுப்பித்?' என்றால் 'உனக்குத் தலை வலிக்கிறதா?'. படர்க்கையில் 'நியஃகொர்லுப்ப?'. ஆம்-இல்லை கேள்வி என்பதைக் காட்டுவது விகுதிதான். கடைசியில் குரலை உயர்த்துவது அங்கே வழக்கமில்லை. உயர்த்திக் கேட்டால் அது வெளியூர்க்காரர் பேச்சாகவே ஒலிக்கும்.

வலிப்பவர் வாக்கியத்தில் எங்கே நிற்கிறார் என்பது தமிழரின் கண்ணில் உடனே படும். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறோம். வலிப்பது தலை, எழுவாயும் தலைதான். கலால்லிசுத்தில் தலை வினைக்குள்ளே போய்விடுகிறது, எழுவாயாக மிஞ்சுவது ஆள். 'பீத நியஃகொர்லுப்பொஃக்' என்றால் பீத என்பவர் எந்த வேற்றுமை உருபும் ஏற்காமல் எழுவாயாக நிற்கிறார். தமிழ்ப் பழக்கத்தில் 'எனக்கு' என்பதற்கு இணையான உருபைத் தேடி '-முத்' சேர்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். '-முத்' இந்தச் சொல்லில் வருமிடம் வேறு: 'நியஃகொர்லுன்னெர்முத்' என்றால் 'தலைவலிக்கு'. மாத்திரை எதற்கு என்று சொல்லும்போது அந்த வடிவம் வேண்டும்.

வலிக்கிற எல்லா இடத்துக்கும் '-லுப்-' போட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. தலை, வயிறு போன்ற வழக்கமான வலிகளுக்கு இந்த வடிவம் ஊறிப்போயிருக்கிறது. மற்ற இடங்களுக்கு 'வலியில் இருப்பது' என்ற பொருளுள்ள 'அன்னியர்பொஃக்' என்ற தனி வினையை எடுத்து, இடத்தை '-க்குத்' உருபோடு சொல்வது பாதுகாப்பானது. 'நியு' என்றால் கால். 'நியுக்குத் அன்னியர்புங' என்றால் 'எனக்குக் காலில் வலி'. மருத்துவர் கேட்பதும் அந்த வினையை வைத்துத்தான்: 'ஸுமி அன்னியர்பித்?', எங்கே வலிக்கிறது? வலி கடுமையாக இருந்தால் '-ஃகா-' சேரும். 'நியஃகொர்லொஃகாங' என்றால் தலை பிளக்கிறது என்கிற அளவு. கனடாவின் இனுக்திதுத் நெருங்கிய உறவுமொழிதான், ஆனால் அங்கே தலைவலிக்கு ஒட்டே வேறு: 'நியஃகுங்ஙுயுஃக்'. ஒரு கரையில் கற்ற துன்ப ஒட்டை மறு கரைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

உடம்பின் வலி இவ்வளவுதான். இதைவிட ஆழமான ஒட்டு '-இலெஃகிவொஃக்'. ஒன்று தேவைப்பட்டு, அது கிடைக்காமல் அவதிப்படுவது இதன் பொருள். கிரீன்லாந்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர் அடிக்கடி சந்திக்கும் சொற்கள் இதன் மேல் கட்டப்பட்டவை. வேலையின்மை 'சுலிஃபிஸ்ஸாலெஃகினெஃக்'. வீட்டுப் பற்றாக்குறை 'இனிஸ்ஸாலெஃகினெஃக்'. ஆள் பற்றாக்குறை 'சுலிஸுஸ்ஸாலெஃகினெஃக்'.

முதல் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'சுலி-' என்றால் வேலை செய். அதோடு இடத்தைக் குறிக்கும் '-ஃபிக்' சேர்ந்து 'சுலிஃபிக்', வேலையிடம். அடுத்தது '-ஸ்ஸஃக்'. இனி ஆகவேண்டியது, இதற்கென்று வரவேண்டியது என்று எதிர்காலத்தை நோக்கும் ஒட்டு இது. முன்னிருக்கும் 'க்' விழுந்து 'சுலிஃபிஸ்ஸஃக்' ஆகிறது: கிடைக்க வேண்டிய வேலை. இதன்மேல் '-இலெஃகி-' ஏறும்போது 'ஸ்ஸஃக்' தன் கடைசி 'ஃக்'கை இழக்கிறது. மிஞ்சுவது அகரம். அகரத்தின் பின் இகரம் வந்தால், சொல்லின் கடைசியாக இல்லாத வரை, இரண்டும் சேர்ந்து 'ஆ' ஆகிவிடும். அதனால் 'சுலிஃபிஸ்ஸாலெஃகி-'. அதன்மேல் 'வொஃக்' வந்தால் 'அவர் வேலையில்லாமல் அவதிப்படுகிறார்'. 'ஸொஃக்' வந்தால் வேலையில்லாதவர், 'ஸுத்' வந்தால் வேலையில்லாதவர்கள். ஒட்டு உயிரில் முடிவதால்தான் இங்கே 'வொஃக்', 'ஸொஃக்'. தலைவலிச் சொல் மெய்யில் முடிந்ததால் 'பொஃக்', 'தொஃக்' வந்தன.

ஒட்டின் முதல் இகரம் 'ஆ'வுக்குள் மறைந்துவிடுவதால் 'இலெஃகி' என்று தேடினால் சொல்லுக்குள் அது கிடைக்காது. 'ஆலெஃகி' என்று தேட வேண்டும். அகராதிக்காரர் ஒட்டை அதன் அடிப்படை வடிவத்தில்தான் தருவார். புணர்ந்த வடிவத்தைத் தானே கணக்கிடத் தெரியாதவருக்கு அகராதி கையில் இருந்தும் பயனில்லை.

நடுவில் இருக்கும் 'ஸ்ஸஃக்' அலங்காரத்துக்கு வந்ததில்லை. அவதிப்பட வைப்பது ஏற்கெனவே கையில் இருந்த ஒரு குறிப்பிட்ட வேலை அன்று. தனக்கென்று இருந்திருக்க வேண்டிய, இன்னும் உருவாகாத வேலை. அதனால் 'வேலையிடம்' என்பதோடு நிறுத்தாமல் 'கிடைக்க வேண்டிய வேலையிடம்' வரை போய், அதன் பிறகுதான் தவிப்பைச் சேர்க்கிறார்கள். வீட்டுச் சொல்லிலும் இதே ஒழுங்கு. 'இனி' என்றால் அறை, இடம். 'இனிஸ்ஸஃக்' என்றால் இருக்கக் கிடைக்க வேண்டிய இடம். 'இனிஸ்ஸாலெஃகி-' என்றால் அந்த இடம் கிடைக்காமல் தவிப்பது.

இல்லாமையைச் சொல்ல அந்த மொழியில் வேறு பல வழிகள் உண்டு. '-இலெஃகி-'யின் சிறப்பு அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 'சுலிஃபெஃகங்ஙிலஃக்' என்றால் அவருக்கு வேலையிடம் இல்லை. 'கொண்டிரு' என்ற '-ஃகர்-' ஒட்டும் எதிர்மறையும் சேர்ந்த வெறும் தகவல் இது. ஓய்வு பெற்ற செல்வந்தரைப் பற்றியும் இதைச் சொல்லலாம். 'சுலிஃபிஸ்ஸாருப்பொஃக்' என்றால் வேலை போய்விட்டது, இருந்தது தீர்ந்துவிட்டது. அது ஒரு நிகழ்ச்சி. 'நிபி' என்றால் ஓசை, 'நிபாப்பொஃக்' என்றால் ஓசையின்றி இருக்கிறது. அது ஓர் இயல்பு, அதில் எந்த வருத்தமும் இல்லை. 'நஸஃக்' என்றால் தொப்பி, 'நஸார்பொஃக்' என்றால் தொப்பியைக் கழற்றுகிறார். அது ஒரு செயல். இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இல்லை. ஆனால் அந்த இல்லாமை ஒருவரைக் கடிக்கிறது என்று சொல்வது 'சுலிஃபிஸ்ஸாலெஃகிவொஃக்' மட்டும்தான். '-இலெஃகி-'யை 'இல்லை' என்று மொழிபெயர்ப்பது பாதி மொழிபெயர்ப்பு என்பேன். அதில் தேவையும் இருக்கிறது, தேவை நிறைவேறாத நோவும் இருக்கிறது.

இந்தத் தவிப்பு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் சொல். 'சுலிஃபிஸ்ஸாலெஃகி-' என்பதில் வேலையிடம் கிடைக்காமல் தவிப்பவர் தொழிலாளி. 'சுலிஸுஸ்ஸாலெஃகி-' என்பதில் 'சுலிஸொஃக்' என்ற வேலையாள் இருக்கிறார். வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிப்பது முதலாளி. 'ஃபி' இருக்கும் இடத்தில் 'ஸு'. அவ்வளவுதான் வேறுபாடு, பொருளோ நேர் எதிர். மீன் ஆலையில் ஆள் கிடைக்காத காலத்திலேயே வேறோர் ஊரில் வேலையில்லாதவர்கள் இருப்பார்கள். ஊர்களுக்கு இடையே சாலை கிடையாது, விமானமும் கப்பலும்தான். ஆகவே இரண்டு சொற்களும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து வருவதற்கு எல்லாக் காரணமும் உண்டு. வேகமாகப் படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் செய்தி தலைகீழாகிவிடும்.

வீட்டுச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1950களிலும் 60களிலும் கிரீன்லாந்தை ஆண்ட டேனிஷ் அரசு சிதறிக் கிடந்த சிற்றூர்களிலிருந்து மக்களைச் சில நகரங்களுக்குத் திரட்டியது. மேற்குக் கரையில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஃகுல்லிஸ்ஸத் ஊரை 1972இல் மூடினார்கள். தலைநகர் நூக்கில் 'பிளாக் பி' என்ற நீண்ட அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. ஒரு காலத்தில் நாட்டு மக்களில் நூற்றில் ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். 2012இல் அதை இடித்தார்கள். வாடகை வீடும் மாதச் சம்பளமும் வாழ்க்கையின் அச்சாக மாறிய ஒரு சமூகத்தில் 'கிடைக்க வேண்டிய இடம்', 'கிடைக்க வேண்டிய வேலை' இரண்டும் பெரிய சொற்களாயின. அவற்றின் தவிப்பைச் சொல்ல அந்த மொழி வெளியிலிருந்து சொல் கடன் வாங்கவில்லை. தன்னிடம் இருந்த ஒட்டுகளே போதுமானவையாக இருந்தன.

ஒட்டுகளின் வரிசையில் ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வோர் ஒட்டும் தனக்கு முன்னிருக்கும் அனைத்தையும் சேர்த்துத் தழுவும். 'சுலிஃபிஸ்ஸாலெஃகிலெர்பொஃக்' என்பதில் தொடக்கத்தைச் சொல்லும் '-லெர்-' தவிப்புக்குப் பின்னால் வருகிறது. அதனால் தொடங்குவது தவிப்பு: வேலையில்லாமல் அவதிப்படத் தொடங்குகிறார். 'சுலிஃபிஸ்ஸாலெஃகிங்ஙிலஃக்' என்பதில் எதிர்மறை தவிப்பை மறுக்கிறது. நீண்ட சொல்லைப் பிரிக்கும்போது பின்னாலிருந்து முன்னே வருவதுதான் சரியான வழி. 'சுலிஃபிஸ்ஸாலெஃகினெர்ஸியுதித்' என்ற சொல் கண்ணை மிரட்டும். கடைசியில் '-ஸியுதித்', உதவித்தொகை. முதியோர் ஓய்வூதியமான 'உதொஃக்ஃகலினெர்ஸியுதித்' என்பதிலும் அதே முடிவு. அதைக் கழற்றினால் '-னெர்-', தொழிற்பெயர். அதையும் கழற்றினால் நமக்குத் தெரிந்த 'சுலிஃபிஸ்ஸாலெஃகி-'. ஆக, வேலையில்லாதோருக்கான உதவித்தொகை. முன்னாலிருந்து தொடங்கினால் 'வேலை, இடம், எதிர்காலம்' என்று துண்டுகள் சிதறி, எது எதைத் தழுவுகிறது என்பது தெரியாமல் போகும்.

காது ஏமாறும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். '-லெஃகி-' போலவே ஒலிக்கும் '-லெரி-' என்ற ஒட்டு உண்டு. ஒன்றைக் கவனித்து வேலை செய்வது அதன் பொருள். அதில் துன்பத்தின் சாயல் சிறிதும் கிடையாது. பல் மருத்துவமனை 'கிகுதிலெரிஃபிக்', பற்களைக் கவனிக்கும் இடம். நூக்கில் உள்ள மொழிச் செயலகத்தின் பெயர் 'ஒஃகாஸிலெரிஃபிக்', சொற்களைக் கவனிக்கும் இடம். ரகரமும் 'ஃக'கரமும் ஒரே உள்நாக்கில் பிறப்பவை. ஒன்றில் காற்று உரசிப் போகிறது, மற்றதில் அடைத்துத் திறக்கிறது. தமிழ்க் காதுக்கு இரண்டும் தொண்டைக் கரகரப்பாகவே விழும். அடைப்பு இருக்கிறதா என்று கவனித்துக் கேட்கப் பழகாதவரை, கவனிப்பும் தவிப்பும் ஒன்றாகவே கேட்கும்.

மூன்றாவது குடும்பம் வாழ்நிலையின் அவதி. 'அதுகஃக்' என்றால் பயன்படுத்துவது, ஒருவருக்கு வாய்த்திருப்பது. 'அதுகரிஸ்ஸார்னெஃக்' என்றால் நல்வாழ்வு. 'அதுகர்லியொர்னெஃக்' என்றால் வாய்த்த நிலையே கெட்டு அவதிப்படுவது. 'அதுகர்லியொர்துத்' என்றால் அவ்வாறு அவதிப்படுவோர். வறியவரையும் நலிந்தவரையும் குறிக்கும் சொல்லாக அரசியல் பேச்சிலும் சமூகநலப் பேச்சிலும் இது வரும். 'ர்லியொர்' என்பதற்குள் வானிலைச் சொல்லில் பார்த்த அதே கெட்ட 'ர்லு' ஒளிந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டலாம். இங்கே கற்பவரை ஏமாற்றுவது 'செய்' என்ற பொருளுள்ள '-லியொர்-'. 'இல்லு' என்றால் வீடு, 'இல்லுலியொர்பொஃக்' என்றால் வீடு கட்டுகிறார். அதை மனத்தில் வைத்து 'அதுகர்லியொர்-' என்பதை 'வாழ்நிலையை உருவாக்குகிறார்' என்று படித்தால், ஏழையை முதலாளியாக்கிவிடுவோம். அடையாளம் அந்த ரகரம். 'செய்' ஒட்டு தனக்கு முன் ரகரத்தை விட்டுவைக்காது. 'அதுவகஃக்', புத்தகம், அதோடு சேரும்போது 'அதுவக்கியொர்பொஃக்', புத்தகம் எழுதுகிறார் என்று ஆகிறது. ரகரம் நின்று, அதன்பின் சீறும் லகரம் கேட்டால், அது அவதியின் ஒட்டு.

இதன் உறவாக '-கில்லியொர்-' என்று ஒரு கூட்டும் வழக்கில் உண்டு. 'குறைவாக இருப்பது' என்ற '-கித்-' அதற்குள் இருக்கிறது. 'அனிஙாஸகில்லியொர்னெஃக்' என்றால் பணமுடை. 'இனிஸ்ஸகில்லியொர்னெஃக்' என்றால் இடநெருக்கடி. '-இலெஃகி-'யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீடே கிடைக்காதவர் 'இனிஸ்ஸாலெஃகி-'. ஓரறை வீட்டில் ஆறு பேர் நெருக்கியடித்துப் படுப்பவர் 'இனிஸ்ஸகில்லியொர்-'. நகராட்சி அதிகாரிக்கு இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள்.

மனத்தின் துயரத்துக்கு வழி வேறு. அங்கே ஒரே வேரில் உணர்பவருக்கு ஓர் ஒட்டு, உணரவைப்பதற்கு ஓர் ஒட்டு என்று இணையாக வரும். 'அலியஸுப்பொஃக்', அவர் துயரமாக இருக்கிறார். 'அலியனர்பொஃக்', அது துயரம் தருகிறது. உடம்பு வலியைச் சொல்லவும் இந்த '-னர்-' உண்டு. அடிபட்டவுடன் வாயில் வரும் 'அன்னெர்னஃகாஃக்!' என்பதில் எழுவாய் ஆள் அன்று, வலி தரும் அந்தப் பொருளோ செயலோதான்.

பழைய நூல்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கிரீன்லாந்திலேயே 1814இல் பிறந்த மொராவிய மதபோதகர் சாமுவேல் கிளைன்ஷ்மிட் 1851இல் இந்த மொழியின் இலக்கணத்தை வெளியிட்டார். அவர் வகுத்த எழுத்துமுறைதான் 1973 சீர்திருத்தம் வரை நின்றது. அதில் மெய்கள் ஒன்றாக மாறுவதற்கு முந்திய வடிவமே எழுதப்படும். இன்றைய 'லுப்பொஃக்' அதில் 'ட்லுக்பொஃக்'. ஒலிப்பில் மறைந்துபோன அந்த 'க்', '-லுக்' என்ற மூலத்தை அப்படியே காட்டிவிடுகிறது. உள்நாக்குக் ககரத்துக்கு அவர் தனி எழுத்து வைத்திருந்தார், நெடிலுக்கும் இரட்டை மெய்க்கும் மேற்குறிகள் போட்டார். 1973க்குப் பிறகு குறிகள் போய் எழுத்துகள் இரட்டித்தன. ஆகவே 1973க்கு முந்திய அகராதியில் தேடும்போது இரட்டை மெய்யைப் பிரித்துப் பழைய இணையாக்கித் தேட வேண்டும். இன்றைய சொற்களுக்கு ஒஃகாஸிலெரிஃபிக் இணையத்தில் வைத்திருக்கும் சொற்பகுப்புக் கருவி உதவும். முழுச் சொல்லைக் கொடுத்தால் வேரையும் ஒட்டுகளையும் வரிசையாகப் பிரித்துத் தரும். சில சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரிப்புகள் வரும். அப்போது 'செய்' ஒட்டா, அவதி ஒட்டா என்று முடிவு செய்வதற்குச் சுற்றியுள்ள வாக்கியத்தைப் படித்தே ஆக வேண்டும்.